மிஸஸ் லெட்பெட்டர் பேசிக்கொண்டிருக்கிறார்

— சாப்பிட்டாங்களா இல்லையா, முதல்ல அதைச் சொல்லு.

— சாப்பிடாம என் கடையை விட்டு யாரு அண்ணி வெளிய போயிருக்கா? அஞ்சு பேரும் சாப்பிட்டாச்சு. நம்ம சர்ச் டீக்கன் ஹோசியாதான் காலித் தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காரு. காலைலேர்ந்து கோர்ட் வாசல்ல நின்ன களைப்பு இன்னும் போகலையாம்.

— ஓட்டர் லிஸ்ட்ல பேரு எழுதினாங்களா?

— எங்க எழுதினான்? அந்த வெள்ளைக்காரக் குமாஸ்தா ஜன்னலைத் திறக்கறதும் மூடறதுமா இருந்திருக்கான். கடைசில டீக்கனைக் கூப்பிட்டு, சட்டப் புத்தகத்துல ஒரு பக்கத்தைக் காட்டி, படிக்கத் தெரியுமான்னு கேட்டானாம். இவரு பிரசங்கம் மாதிரி கணீர்னு படிச்சுட்டாரு. அவனுக்கு மூஞ்சி சிவந்து போச்சு. காபி குடிச்சுட்டு வரேன்னு போனவன் திரும்பி வரவே இல்லியாம்.

— உங்க அண்ணன் எங்க?

— லெமுவெல் அண்ணனா? பெட்ரோல் போடப் போயிருக்காரு. வந்ததும் எல்லாரையும் ஏத்திக்கிட்டு கிளம்பிடுவாரு. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவாரு, நீங்க எதுக்கு இப்படிப் பதர்றீங்க?

— அர்சூலா, நான் சொல்றதைக் கவனமா கேளு. நான் வழி சொல்ற வரைக்கும் அவர் வண்டியை எடுக்கக் கூடாது. சரியா?

— ஏன், என்ன ஆச்சு?

— ஆளுங்க சேர்ந்திருக்காங்க. மூணு லாரி. எல்லாம் ஹாஸ்கின்ஸ் கடையைச் சுத்தித் திரியற ஆளுங்க. துப்பாக்கியை ஒரு துணியில சுத்தி வைக்கணும்ங்கற கூச்சம்கூட இல்ல. ஊருக்குள்ள வர ரெண்டு வழியில ஒண்ணை அடைச்சுக்கிட்டு நிக்கறாங்க.

— கர்த்தரே. எந்த வழியை அடைச்சிருக்காங்க?

— அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவங்க நிக்கறது…

— எங்க நிக்கறாங்க? என்ன அண்ணி, நிறுத்திட்டீங்க?

— டக்னு ஒரு சத்தம் வந்துது. கேட்டியா?

— கேட்டுது. யாரோ போனை எடுத்திருக்காங்க.

— இருக்கும். இந்த ஒரே போன் கம்பியில மூணு வீடு. எங்க வீடு, மிஸ்டர் ஹாஸ்கின்ஸ் வீடு, ஜட்ஜ் லெட்பெட்டர் வீடு. ஒருத்தர் பேசறப்போ இன்னொருத்தர் எடுத்துடறதுதான். ஆனா மரியாதைப்பட்டவங்க உடனே வச்சுடுவாங்க.

— வச்ச மாதிரி தெரியலையே.

— தெரியல. மூச்சு விடறது கேட்குது.

— எனக்கும் கேட்குது. சளி பிடிச்ச மூச்சு.

— சரி, நாம நம்ம பேச்சைப் பேசுவோம். நாம என்ன ராணுவ ரகசியமா பேசறோம்? சர்ச் விருந்தைப் பத்திப் பேசறோம். உன் மாமியாருக்கு வயிறு எப்படி இருக்கு?

— அதை ஏன் கேட்கறீங்க. நாலு நாளா கல்லு மாதிரி. விளக்கெண்ணெய் குடுத்தேன், ஒண்ணும் அசையல. அப்புறம் பக்கத்து வீட்டுக் கிழவி சோப்புத் தண்ணிக் குழாய் வச்சா பாருங்க…

— விவரமா சொல்லு. அவசரமே இல்ல.

— கிழவி குழாயை வைக்கறா, இவங்க ஜெபம் பண்றாங்க. இவங்க ஜெபம் பண்ணப் பண்ண அவ தண்ணியை விடறா. அரை வாளி உள்ள போயிடுச்சு. திடீர்னு ஒரு சத்தம். நான் கதவைச் சாத்திட்டு முற்றத்துக்கு ஓடிட்டேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, தோத்திரப் பாட்டுதான். அண்ணி, இன்னும் அங்கதான் இருக்காங்க.

— இதுக்கும் வைக்கலைன்னா, கேட்கறது வேற எதுக்கோதான்.

— அண்ணன் வண்டி சத்தம் கேட்குது. வாசல்ல நிறுத்தறாரு. டீக்கன் தொப்பியை எடுத்து மாட்டிட்டாரு. நான் என்ன சொல்லட்டும்?

— விருந்துக்கு என்ன வேணும்னு கேட்டியே, அதுக்குப் பதில் சொல்றேன். மீன் வறுவல்.

— மீனா?

— மீன்தான். கோழி கண்டிப்பா வேண்டாம். இன்னிக்குக் கோழியைத் தொடவே கூடாது. நாம கூட்டத்துல பேசி வச்சபடி மீனையே அனுப்பு. சரியா?

— சரி. மீனுன்னா மீனு. அண்ணன்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். போனை மேஜைமேல போட்டுட்டுப் போறேன், நீங்க வச்சுடாதீங்க.

— வைக்க மாட்டேன். அவர் வண்டி கிளம்பிடுச்சுன்னு உன் வாயால கேட்டாத்தான் வைப்பேன். போ. ஓடு.

— போயிட்டேன்.

— மிஸஸ் ஹாஸ்கின்ஸ், நீங்கதானே அம்மா? நான் வெர்டெல். கீழ்வீட்டு வெர்டெல் கெய்ன்ஸ். இதுக்கு முன்னாடியும் நீங்க எங்க பேச்சைக் கேட்டிருக்கீங்க, நான் ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா எங்க வீட்டு ஆளு இன்னும் வீடு திரும்பல. உங்களுக்கும் புருஷன் இருக்காரு. ஒரு அஞ்சு நிமிஷம் அந்தப் போனைக் கீழ வச்சீங்கன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்? பேச மாட்டீங்க. பேசினா கேட்டது வெளிய தெரிஞ்சு போயிடும்னு பார்க்கறீங்க. மூச்சு மட்டும் நல்லா விடுங்க.

— இல்லீங்க ஐயா. லைன் இன்னும் கிடைக்கல.

— யாரு அது?

— அவங்க இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க ஐயா. ஜட்ஜ் வீட்டம்மா. மிஸஸ் லெட்பெட்டர். ஆமாங்க, தங்கச்சிகிட்டதான். முடிஞ்சதும் நான் கூப்பிடறேங்க. நீங்க போய்க் காத்தாட உட்காருங்க.

— இது மிஸஸ் ஹாஸ்கின்ஸ் குரல் இல்லியே.

— மெதுவாப் பேசுங்க சிஸ்டர் வெர்டெல். அவரு இப்பதான் வாசப்படி தாண்டினாரு. நான் ட்ரெஸி.

— ட்ரெஸியா? ஹாஸ்கின்ஸ் வீட்டுல சமைக்கற ட்ரெஸியா?

— வேற எந்த ட்ரெஸிக்கு இந்த வீட்டுப் போனைத் தொட உரிமை இருக்கு? அம்மா தலைவலின்னு மாடியில படுத்துட்டாங்க. ஐயாவுக்கு அவசரமா லைன் வேணுமாம். எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு நில்லு, காலியானதும் கூப்பிடுன்னு சொல்லி என்னை நிறுத்தி வச்சிருக்காரு.

— அதுக்கு, மிஸஸ் லெட்பெட்டர் பேசறாங்கன்னு எதுக்குச் சொன்ன?

— வெர்டெல் பேசறான்னு சொன்னா என்ன ஆகும்? ரிசீவரைப் பிடுங்கி, வையுடி போனைன்னு ஒரு அதட்டு. நீங்க வச்சாகணும். ஜட்ஜ் பெண்டாட்டி பேசறாங்கன்னா அப்படி அதட்ட முடியுமா? தொப்பியைக் கழட்டிக்கிட்டுக் காத்திருக்கணும். காத்திருக்காரு. நீங்க பேசற வரைக்கும் அவரால யாரையும் கூப்பிட முடியாது, யாரும் அவரைக் கூப்பிடவும் முடியாது.

— அப்ப, அந்த அம்மாவே திடீர்னு போனை எடுத்தா?

— காலைல ஜட்ஜோட வண்டியில மோபில் நகரத்துக்குப் போனாங்க. நான் துணி உலர்த்தறப்போ பார்த்தேன். ஐயா பார்க்கல.

— இவ்வளவு நேரமா நீ வாய் திறக்கவே இல்லியே. நாங்க ரெண்டு பேரும் உன்னைத் துரத்தணும்னு என்னென்னமோ பேசி…

— ஐயா பக்கத்துலயே நின்னாரு. அந்தச் சோப்புத் தண்ணிக் கதைக்குச் சிரிக்காம நின்னேன் பாருங்க, அதுக்கே எனக்குச் சம்பளம் கூட்டிக் குடுக்கணும்.

— உன்னை நம்பலாமான்னு எனக்குத் தெரியல.

— தெரியாதுதான். கூட்டத்துக்கு வராதவளை எப்படி நம்பறது?

— ஒரு கூட்டத்துக்காவது வந்தியா? சர்ச்சுல நாங்க பேசறது மறுநாளே ஹாஸ்கின்ஸ் காதுக்குப் போச்சு. யாரு ஊதினாங்கன்னு யோசிச்சப்போ, எல்லாரும் உன் பேரைத்தான் சொன்னாங்க. நானும் சொன்னேன். பொய் சொல்லல, சொன்னேன்.

— எனக்குத் தெரியும். போன ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல உட்காராம எழுந்து போனீங்களே, அப்பவே தெரியும். ஒரு கதை சொல்றேன், கேட்டுக்கோங்க. எப்படியும் நாம பேசிக்கிட்டே இருக்கணும், சத்தம் நின்னா ஐயா வந்துடுவாரு. ஒரு வயல்ல எலிக் கூட்டம். அதுல ஒரு எலி மட்டும் பூனை இருக்கற வீட்டுல அடுப்புக்குப் பின்னால குடியிருந்துது. மத்த எலிங்களுக்கு அதுமேல கோபம். பூனை வச்ச மிச்சத்தைத் தின்னு கொழுத்துட்டான்னு ஏசும். ராத்திரி கூடிப் பேசறப்போ அதை மட்டும் கூப்பிடாது. அந்த எலியும் போகாது. போனா, திரும்பி வரப்போ அது கால்ல வயல் மண்ணு ஒட்டியிருக்கும். பூனை முகர்ந்து பார்க்கும்.

— கதை நல்லா இருக்கு. ஆனா பூனை எப்போ தூங்குது, எப்போ முழிக்குதுன்னு அந்த எலி ஒரு நாளாவது வயலுக்கு வந்து சொல்லிச்சா?

— இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்குன்னு நினைக்கறீங்க?

— நீ வாய்க்காரிதான்.

— சரி, பச்சையாச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரை எந்த வழியா வரச் சொன்னீங்க? மீனுன்னீங்க, கோழின்னீங்க. என்ன கணக்கு அது?

— முன்னாடி மீனுன்னா பாலம், கோழின்னா மில் ரோடு. மீனுக்குத் தண்ணி, தண்ணிக்குப் பாலம்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும்னு அப்படி வச்சோம். அதையும் எவனோ கண்டுபிடிச்சுட்டான்னு, புதன்கிழமை கூட்டத்துல தலைகீழா மாத்தினோம். இப்ப மீனுன்னா மில் ரோடு, கோழின்னா பாலம். பாலத்து முனையில அந்த மூணு லாரியையும் என் கண்ணால பார்த்தேன். அதனாலதான் கோழி வேண்டாம், மீனை அனுப்புன்னு அர்சூலாகிட்ட சொன்னேன்.

— அர்சூலா யாரு? டவுன்ல கடை வச்சிருக்கறவளா?

— லெமுவெல் தங்கச்சி. அவகிட்ட சொன்னா கல்லுல எழுதின மாதிரி. ஏன் ட்ரெஸி, மில் ரோடு சரிதானே? உனக்கு ஏதாவது காதுல விழுந்துதா?

— எனக்கு ஒண்ணும் விழல. காலைலேர்ந்து நாலு பேரு வந்து போனாங்க. காபி வைக்கச் சொன்னாரு, வச்சேன். நான் அறைக்குள்ள போனா பேச்சை நிறுத்திடறாங்க. பாலம்னு ஒருத்தன் சொன்னான், அது மட்டும்… இருங்க. நாற்காலி நகர்ற சத்தம்.

— வராரா?

— வராரு. தொப்பி கையில இருக்கு. சிஸ்டர் வெர்டெல், போனைத் தானே வாங்கப் போறாரு. நீங்க அந்த அம்மா வீட்டுல எத்தனை வருஷம் துணி தேய்ச்சீங்க?

— பதினோரு வருஷம்.

— அப்ப அந்தக் குரலு உங்க காதுல இருக்கும். மூக்கால பேசுங்க. இழுத்துப் பேசுங்க. அவருக்குப் பதில் சொல்றதே பெரிய உபகாரம்ங்கற மாதிரிப் பேசுங்க. ஐயா, இன்னும் முடிக்கலீங்க. சரிங்க ஐயா. இந்தாங்க.

— மிஸஸ் லெட்பெட்டர்? மன்னிக்கணுங்க. நடுவுல வந்து பேசறது முறையில்லைன்னு எனக்குத் தெரியும். நான் ஹாஸ்கின்ஸ்.

— யாரு, ஹாஸ்கின்ஸா? என் தங்கையோடு நான் பேசிக்கொண்டிருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?

— தெரியுங்க அம்மா. உங்க தங்கச்சிகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். குரலு ஒரு மாதிரி இருக்கே, உடம்பு சரியில்லீங்களா?

— தொண்டை கட்டியிருக்கிறது. அதைக் கேட்கத்தான் குறுக்கே வந்தீர்களா?

— இல்லீங்க, இல்லீங்க. எனக்கு லைன் கொஞ்சம் அவசரமா வேணும். ஒரு சின்ன வேலை. உங்களை மாதிரிப் பெரிய வீட்டுப் பெண்கள் காதுல போட வேண்டிய விஷயம் இல்ல.

— என் காதில் என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்களா, ஹாஸ்கின்ஸ்?

— ஐயோ, அப்படி இல்லீங்க அம்மா. அந்தக் கருப்பனுங்க அஞ்சு பேரு இன்னிக்கு கோர்ட்டுல போய் ஓட்டுக்குப் பேரு எழுதணும்னு நின்னானுங்க. திரும்பி வரப்போ நம்ம பசங்க ஒரு பாடம் சொல்லிக் குடுக்கணும்னு நினைக்கறாங்க. அவ்வளவுதான். வண்டி கிளம்பினதும் டவுன்ல இருக்கற பெட்ரோல் பங்க்லேர்ந்து எனக்கு ஒரு போன் வரும். லைன் அடைச்சுக்கிட்டிருந்தா வராது, அதான்.

— எல்லாம் எனக்குத் தெரியும். பாலத்தில் லாரிகளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். ஜட்ஜ் இன்று அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறார். அவருடைய வண்டிக்கு முன்னால் யாராவது துப்பாக்கியோடு நின்றால் அவர் என்ன சொல்வார் என்று யோசித்தீர்களா?

— ஜட்ஜ் ஐயா இன்னிக்கு அந்த வழியா வராருன்னு எனக்குத் தெரியாதுங்க.

— இப்போது தெரிந்துவிட்டதல்லவா? அந்த லாரிகளை உடனே எடுக்கச் சொல்லுங்கள். பாலம் காலியாக இருக்க வேண்டும்.

— இப்பவே எடுக்கச் சொல்றேங்க. நீங்க கவலையே படாதீங்க மிஸஸ் லெட்பெட்டர். பாலத்துல ஒண்ணும் நடக்கப் போறதில்ல. அந்த மூணு லாரியும் சும்மா பார்வைக்குத்தான். எவளாவது ஒருத்தி அதைப் பார்த்துட்டு ஓடிப்போய் அவனுங்களுக்குச் சொல்லட்டும்னுதான் நிறுத்தினோம். சொன்னா மில் ரோட்டு வழியா வருவானுங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் பழைய மில்லுக்குப் பின்னாலதான் இருக்காங்க. மிஸஸ் லெட்பெட்டர்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கிறேன்.

— தொண்டைக்கு வெந்நீர்ல தேன் கலந்து குடிங்க அம்மா. அப்ப லைனு…

— நான் இன்னும் பேசி முடிக்கவில்லை.

— சரிங்க. சரிங்க அம்மா. நீங்க பேசுங்க. உங்களைத் தொந்தரவு பண்ணினதுக்கு மறுபடியும் மன்னிக்கணும். ஏய் ட்ரெஸி, இங்க வந்து பிடி. அம்மா முடிச்சதும் வந்து சொல்லு.

— சொல்றேங்க ஐயா.

— ட்ரெஸி.

— பொறுங்க. வாசலுக்குப் போகட்டும். ஆங், போயிட்டாரு. லாரியை எடுக்கச் சொல்லி டிரைவரைப் பாலத்துக்கு அனுப்பறாரு. என் அம்மாவே, அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சு குனிஞ்சு பேசினதை நீங்க பார்த்திருக்கணும். உங்களை அம்மா அம்மான்னு… அடுப்படிலேர்ந்து எனக்கு அது மட்டும்தான் கேட்டுது. என்ன சொன்னாரு?

— நானே அனுப்பிட்டேன் ட்ரெஸி.

— யாரை? எங்க?

— பாலத்துல நின்னது வேஷமாம். எவளாவது ஒருத்தி பார்த்துட்டுப் போய்ச் சொல்லட்டும்னு நிறுத்தினாங்களாம். அந்த ஒருத்தி நான்தான். ஆளுங்க அத்தனை பேரும் மில்லுக்குப் பின்னால உட்கார்ந்திருக்காங்க. கோழி வேண்டாம், மீனு மீனுன்னு நானே அவ காதுல ஓதி அனுப்பினேன்.

— கர்த்தரே. அர்சூலா இன்னும் திரும்பி வரலியா? கூப்பிடுங்க, சத்தம் போட்டுக் கூப்பிடுங்க.

— மேஜைமேல போட்டுட்டுப் போன போனுல கத்தினா யாருக்குக் கேட்கும்? அர்சூலா. அர்சூலா.

— கத்துங்க, ஆனா லைனை மட்டும் வச்சுடாதீங்க. பங்க்லேர்ந்து போன் வரக்கூடாது. நீங்க என்னை இதுவரைக்கும் எப்படி நினைச்சிருந்தாலும் சரி, இதை மட்டும் நம்புங்க. இந்தக் காதுலேர்ந்து நான் இதை எடுக்க மாட்டேன்.

— நம்பறேன். நம்பறேன், ட்ரெஸி. நீங்க பிடிச்சுக்கிட்டே இருங்க. அர்சூலா.

— வந்துட்டேன் அண்ணி, வந்துட்டேன். ஏன் இப்படிக் கத்தறீங்க, மேஜையே அதிருது. போயிட்டாங்க. எல்லாரும் ஏறி உட்கார்ந்து, டீக்கன் ஜெபம் பண்ணி, கையாட்டிட்டுப் போயாச்சு.

— நிறுத்து. யாரையாவது ஒருத்தரை வண்டியில பின்னாலயே விரட்டு. அவரை நிறுத்தணும்.

— எப்படி நிறுத்தறது? திருப்பம் தாண்டிப் போயிட்டாங்களே. அண்ணி, அந்த மூச்சு இன்னும் லைன்லதான் இருக்கு. பார்த்துப் பேசுங்க.

— அது நம்ம ஆளுதான். மறைக்க வேண்டாம், பச்சையாப் பேசு. பாலம் காலி, அர்சூலா. மில்லுக்குப் பின்னாலதான் அத்தனை பேரும் துப்பாக்கியோட உட்கார்ந்திருக்காங்க.

— உட்கார்ந்திருக்கட்டும். மில்லுப் பக்கம் இப்ப யாரு போறா?

— யாரு போறாங்கன்னா கேட்கற? நீதானே அனுப்பின? நான் மீனுன்னு சொன்னேன், நீ சரின்னு சொன்ன. புதன்கிழமை கூட்டத்துல நாம எல்லாரும் உட்கார்ந்து மாத்தினோமே.

— எந்தப் புதன்கிழமை அண்ணி? அன்னிக்குக் கடை அடுப்பு புகைஞ்சு, நான் கூட்டத்துக்கே வரலையே. மீனுன்னா எனக்குத் தெரிஞ்சு பாலம்தான். மீனுன்னு சொன்னதும் அண்ணன் மில்லு வழியாத்தான் போவேன்னு அடம் பிடிச்சாரு, அண்ணி பாலத்து வழியா வரச் சொன்னாங்கன்னு சண்டை போட்டு அனுப்பியிருக்கேன்.